கல்லூரிச் சிற்றாலயத்துக்கு வயது என்ன? செட்டிநாட்டு வளாகக் கட்டடங்களைப் படிக்கும் முறை

கல்லூரி வாசலில் 'நூற்றாண்டு விழா' என்று வளைவு கட்டியிருப்பார்கள். உள்ளே போனால் பிரதான கட்டடத்தின் கல்வெட்டில் நாற்பது வருஷம் பிந்திய தேதி இருக்கும். பக்கத்திலுள்ள சிற்றாலயத்தில் கல்வெட்டே இருக்காது. ஒருநாள் அதன் ஓட்டுக் கூரையைப் பிரிக்க ஆரம்பித்ததும் "நூறாண்டுப் பழமையான கட்டடம் இடிப்பு" என்று செய்தி வரும். "அது அவ்வளவு பழசெல்லாம் இல்லை" என்று நிர்வாகம் பதில் சொல்லும். யாரை நம்புவது என்று படிப்பவருக்குப் புரியாது.

பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். ஒருவர் நிறுவனத்தின் வயதைச் சொல்கிறார், இன்னொருவர் சுவரின் வயதைச் சொல்கிறார். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர் பக்கம் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். இங்கே பழைய வீட்டில் புதுக் கல்லூரி தொடங்கியிருக்கும். புதுக் கட்டடத்தில் பழைய வீட்டின் நிலைக்கதவு மாட்டியிருக்கும். அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நிறுவனத்தின் வயது வேறு, சுவரின் வயது வேறு

கல்லூரிகள் இடம் மாறும். இது முதலில் மனதில் இருக்க வேண்டும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்வது 1837. ஆனால் தாம்பரத்தில் இன்று நாம் பார்க்கும் வளாகத்துக்கு அது வந்தது 1937இல்தான். நடுவில் நூறு வருஷம் ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்தில் நிற்கும் ஒரு கட்டடத்தைக் காட்டி "1837ஆம் ஆண்டுக் கட்டடம்" என்று சொன்னால் நூறு வருஷம் பிழை. திருச்சி தூய வளனார் கல்லூரி தொடங்கியது 1844இல், நாகப்பட்டினத்தில். திருச்சிக்கு வந்தது 1883இல். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 என்கிறோம். அதன் வேர் 1920இல் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி. 1920 என்று சொல்பவரும் தப்பில்லை, 1929 என்று சொல்பவரும் தப்பில்லை.

காரைக்குடிக்கு வருவோம். 1947 ஜூலையில் சென்னை விவேகானந்தா கல்லூரியில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், வசதியுள்ளவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசினார். கூட்டத்தில் இருந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அங்கேயே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே, நாடு விடுதலை அடைய சில நாள் இருக்கும்போது, காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி ஆரம்பமாகிவிட்டது. இவ்வளவு குறைந்த நாளில் கல்லூரிக்கென்று ஒரு கட்டடம் எழுப்ப முடியாது என்பது தெரிந்ததே. ஆக 1947 என்பது கல்லூரியின் ஆண்டு. வளாகத்தில் நிற்கும் எந்தச் சுவரையும் அந்த ஆண்டோடு நேராக முடிச்சுப் போடக் கூடாது.

ஒரு கட்டடத்துக்கு எத்தனை பிறந்தநாள்?

கல்லூரிக் கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேசும்போது குறைந்தது ஐந்து தேதிகள் கலந்துவிடுகின்றன.

1. நிலத் தேதி. தானப் பத்திரமோ கிரயப் பத்திரமோ பதிவான நாள். இது சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும்.

2. கால்கோள் தேதி. அடிக்கல் நாட்டிய நாள். பெரிய மனிதர் பெயரோடு கல்லில் இருப்பது பெரும்பாலும் இதுதான். அன்றைக்கு அங்கே கட்டடம் கிடையாது, வெறும் பொட்டல்.

3. திறப்பு விழாத் தேதி. கட்டடம் முடிந்த நாளாகவும் இருக்கலாம். பாதி முடிந்த நிலையில் அமைச்சர் ஊருக்கு வந்த நாளாகவும் இருக்கலாம்.

4. இணைப்புத் தேதி. பல்கலைக்கழகம் கல்லூரியை ஏற்றுக்கொண்ட ஆண்டு. கட்டடத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் விழா மலர்களில் இது அடிக்கடி 'தோற்றம்' என்று அச்சாகிவிடும்.

5. பெயர் மாற்றத் தேதி. நன்கொடையாளர் பெயர், தலைவர் பெயர் என்று கட்டடம் புதுப்பெயர் பெறும்போது வைக்கும் பளிங்குக் கல். வளாகத்திலேயே பளபளப்பான கல் இதுதான் என்பதால் எல்லார் கண்ணும் இதன் மேல்தான் விழும்.

இதற்கு நல்ல உதாரணம் காரைக்குடியிலேயே இருக்கிறது: சிக்ரி என்று ஊரே கூப்பிடும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இரண்டுக்கும் நடுவே நாலரை வருஷம். நிறுவனத்தின் கதையை எழுதுகிறவர் 1948இலிருந்து தொடங்கலாம். கட்டடத்தின் வயதை எழுதுகிறவர் 1953 என்றுதான் சொல்ல வேண்டும்.

நாலரை வருஷம் பரவாயில்லை. அதே ஊரில் தமிழ்த்தாய் கோயிலுக்கு அடிக்கல் 1975இல், திறப்பு 1993இல். பதினெட்டு வருஷ இடைவெளி. அடிக்கல் தேதியை வைத்து வயது சொன்னால் எவ்வளவு தூரம் தள்ளிப்போகும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

பெயரும் முகவரியும் சேர்ந்து மாறுவது இன்னொரு சிக்கல். காரைக்குடியில் ஒரே வகுப்பறையில் படித்த மூன்று தலைமுறையின் பட்டச் சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாத்தாவுடையதில் சென்னைப் பல்கலைக்கழகம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு படித்த அப்பாவுடையதில் மதுரை. 1978க்குப் பிறகு என்றால் மதுரை காமராசர். பேரனுடையதில் 1985இல் பிறந்த அழகப்பா பல்கலைக்கழகம். மாவட்டமும் அப்படித்தான். முதலில் ராமநாதபுரம், 1985இல் பிரிந்தபோது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில், அப்புறம் சிவகங்கை. பழைய ஆவணத்தில் 'சிவகங்கை மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போவது இதனால்தான்.

சிற்றாலயம் என்றால் என்ன, கோயிலிலிருந்து எப்படி வேறு?

தமிழ்க் கத்தோலிக்கர் பேச்சில் எல்லாமே கோயில்தான். மாதா கோயில், அந்தோணியார் கோயில், பங்குக் கோயில். எழுத்தில் வரும்போது தேவாலயம், ஆலயம், சிற்றாலயம், செபக்கூடம் என்று பிரியும். கல்லூரிக்குள் மாணவர்கள் 'சேப்பல்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வித்தியாசம் அளவில் மட்டும் இருப்பதாக நினைக்கிறோம். பெரிய வித்தியாசம் உரிமையில் இருக்கிறது.

பங்குக் கோயிலுக்கு எல்லை உண்டு. இன்ன இன்ன ஊர்கள் அதைச் சேர்ந்தவை. அந்த எல்லைக்குள் பிறந்தவரின் திருமுழுக்கு, திருமணம், இறப்பு எல்லாம் அதன் பதிவேட்டில் ஏறும். வழிபட யார் வந்தாலும் உள்ளே போக உரிமை உண்டு. கல்லூரிச் சிற்றாலயம் அப்படி இல்லை. 1983இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒரு குறிப்பிட்ட குழுவின் வழிபாட்டுக்காக ஆயரின் அனுமதியோடு ஒதுக்கிய இடத்தைச் செபக்கூடம் என்று தனியாக வகைப்படுத்துகிறது. மற்றவர்கள் உள்ளே வருவது அந்த இல்லத் தலைவரின் சம்மதத்தைப் பொறுத்தது. அந்தக் குழு என்பது இங்கே விடுதி மாணவர்களும், வளாகத்தில் தங்கும் குருக்களும், அருட்சகோதரிகளும்.

இதன் விளைவு வயது தேடுகிறவருக்கு நேராகத் தெரியும். பங்குக் கோயில் என்றால் பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தாலே ஒரு கீழ் எல்லை கிடைத்துவிடும். சிற்றாலயத்துக்குப் பொதுவாக அப்படிப் பதிவேடு இருக்காது. அதன் கதை இல்லக் குறிப்பேட்டில், விடுதிக் கணக்கில், துறவற சபையின் கடிதங்களில் சிதறிக் கிடக்கும். மதுரை மறைமாகாண இயேசு சபையினரின் பழைய தாள்கள் கொடைக்கானல் மலையில் செண்பகனூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1943இல் தேவகோட்டையில் தொடங்கிய தே பிரித்தோ பள்ளி போன்ற இயேசு சபை வளாகங்களைப் பற்றி எழுதப் போகிறவர் காரைக்குடியில் சுற்றுவதோடு நிறுத்தாமல் மலையும் ஏற வேண்டும்.

'திறந்தார்கள்' என்ற சொல்லும் சிற்றாலயத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கத்தோலிக்கர் கல்வெட்டில் 'மந்திரிக்கப்பட்டது' என்றோ 'அர்ச்சிக்கப்பட்டது' என்றோ இருக்கும். மந்திரிப்பு எளிய ஆசி; அர்ச்சிப்பு அதைவிடப் பெரிய சடங்கு. புதுப்பித்த பிறகு திரும்ப மந்திரிப்பதும் உண்டு. ஆகவே கல்லில் மந்திரித்த தேதி இருந்தால், முதல் முறையா, பழுதுபார்த்த பிறகா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சீர்திருத்தச் சபையார் 'பிரதிஷ்டை' என்பார்கள். அங்கேயும் இதே கேள்வி.

சிற்றாலயத்தின் உள்ளே நின்று பார்த்தாலே ஒரு பெரிய கோடு தெரியும்: கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1962 முதல் 1965 வரை. அதற்கு முன் பீடம் பின்சுவரோடு ஒட்டியிருக்கும். குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி, லத்தீனில் பூசை செய்வார். அதற்குப் பின் பீடத்தை முன்னால் இழுத்து, மக்களைப் பார்த்து நிற்கும்படி வைத்தார்கள். பூசை தமிழுக்கு வந்தது. பின்சுவரில் வேலைப்பாடுள்ள பழைய பீடமும், அதற்கு முன்னால் சாதாரண மேசை போல ஒரு புதுப் பீடமும் சேர்ந்து இருந்தால் அந்தச் சிற்றாலயம் சங்கத்துக்கு முந்தியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். நற்கருணை வாங்க மண்டியிடும் கிராதியை எடுத்துவிட்டிருப்பார்கள். அது நின்ற தடம் தரையில் ஒரு நீளக் கோடாகத் தெரியும். தரையில் டைல்ஸ் மாற்றிவிட்டால் அந்தச் சாட்சியும் போச்சு.

பணம் வந்த வழி

செட்டிநாட்டில் எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசினாலும் பர்மாவைத் தொடாமல் முடியாது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார், அதாவது செட்டியார்கள், ரங்கூனிலும் மௌல்மேனிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்தினார்கள். அந்த வருமானத்தில் ஒரு பங்கு 'மகமை' என்று கோயிலுக்கும் அறத்துக்கும் போகும். முதலில் அது போன இடம் இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று நீளும் ஒன்பது நகரக் கோயில்களும் மற்றச் சிவாலயங்களும்தான். அப்புறம் வேத பாடசாலை, தேவாரப் பாடசாலை. 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை. கல்விக்குப் பணம் போகும் பழக்கம் இப்படிப் படிப்படியாக வந்தது. கல்லூரி அதன் கடைசிப் படி.

1930களின் பொருளாதார மந்தம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த சாகுபடி நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம். 1938 வாக்கில் அது 25 சதவீதம். கேட்பதற்கு லாபம் போல இருக்கும். உண்மையில் கடன் வாங்கிய விவசாயிகள் பணமாகத் திருப்ப முடியாததால் அடமான நிலம் கைக்கு வந்து சேர்ந்தது. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது சுழலும் ரொக்கம். கிடைத்தது நகராத மண். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்த மண்ணும் எட்டாமல் போனது. பர்மா விடுதலையானபின் நிலத்தை நாட்டுடைமையாக்கினார்கள்; 1960களில் மிச்சமிருந்ததும் போயிற்று.

இதனால்தான் செட்டிநாட்டில் 1942 ஒரு கட்டட ஆண்டாகவும் ஆகிறது. பெரிய வீடுகள் அதற்கு முன். பெரிய கல்லூரிகள் அதற்குப் பின். அரண்மனை போன்ற வீடு கட்டும் காலம் முடிந்துவிட்டது. அழகப்பச் செட்டியார் போல மலேயா ஈயச் சுரங்கம், நூற்பாலை என்று தொழிலைப் பரப்பி வைத்திருந்தவர்கள் கையில் பெரிய பணம் இருந்தது. அவர் 1944லேயே கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 லட்சம் கொடுத்திருந்தார். 1947, 1948, 1952 என்று அடுத்தடுத்து கலைக் கல்லூரி, ஆராய்ச்சி நிலையம், பொறியியல் கல்லூரி எல்லாம் காரைக்குடியில் வந்தன. 1957இல் 48 வயது முடிவதற்கு ஒருநாள் முன்பு அவர் இறந்தார். பத்தே வருஷத்தில் நடந்த வேலை இது. அவசரமாகக் கட்டிய கட்டடங்கள் என்பதை அந்த வளாகத்தைப் பார்க்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குச் செய்த நகாசு வேலையைக் கல்லூரியில் எதிர்பார்க்கக் கூடாது.

கட்டடமே சொல்லும் சாட்சி

தாள் பொய் சொல்லும், கல் மாறும். பொருள்கள் பொதுவாக அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. எதைப் பார்க்க வேண்டும்?

1. கூரை ஓடு. ஒரு ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சபை ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். முதல் உலகப் போரில் ஜெர்மன் தொடர்பு காரணமாக அது மிஷன் கையை விட்டுப் போய், காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயருக்கு மாறியது. ஆகவே ஓட்டின் அடியில் பாசல் மிஷன் முத்திரை இருந்தால் அந்த ஓடு போருக்கு முந்தியது. காமன்வெல்த் என்றிருந்தால் பிந்தியது. ஒரே கூரையில் இரண்டும் கலந்திருந்தால் நடுவில் ஒரு தடவை மாற்றியிருக்கிறார்கள். மதப் பரப்புக்கு வந்த சபை செய்த ஓடு சிவன் கோயில் மடப்பள்ளி மேலும் ஏறியது என்பது தனிக் கதை.

2. இரும்பு உத்தரம். சுண்ணாம்பு அடித்து மறைத்திருப்பார்கள்; சுரண்டினால் எழுத்து தெரியும். டார்மன் லாங் என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. டாட்டா என்றிருந்தால் 1912க்குப் பிந்தியதுதான். ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்க ஆரம்பித்ததே அந்த ஆண்டில்.

3. மாடித் தளம். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, மேலே செங்கல் ஜல்லிக் கலவை போட்டு அடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பது மெட்ராஸ் டெரஸ். கீழிருந்து பார்த்தால் சட்டமும் செங்கல் வரிசையும் தெரியும். இதற்குப் பதிலாகச் சமதளமான கான்கிரீட் இருந்தால் காலம் பிந்தியது. பக்கத்திலேயே சிமென்ட் கிடைக்க ஆரம்பித்தது டால்மியாபுரம் ஆலை வந்த 1939க்குப் பிறகு. போர்க்காலத்தில் வந்த சிமென்ட் கட்டுப்பாடு 1982இல்தான் பெரிய அளவில் தளர்ந்தது. அனுமதிச் சீட்டு வாங்கித்தான் மூட்டை எடுக்க வேண்டியிருந்தது. அதனால் 1940, 50களில் கட்டிய கல்லூரிக் கட்டடங்களில் சுண்ணாம்புச் சுவரும் கான்கிரீட் தளமும் கலந்து இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

4. சுவர். ஒல்லியான, பட்டையான சின்னச் செங்கல் என்றால் பழசு. அடித்தளத்தில் செம்புறாங்கல் இருந்தால் அது உள்ளூர்க் கல். பூச்சைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த செட்டிநாட்டுப் பூச்சு சித்திரை வெயிலிலும் உள்ளங்கைக்குச் சில்லென்று இருக்கும். முகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மினுக்கும். அதன் மேல் யாரோ எமல்ஷன் அடித்திருந்தால் இரண்டு மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்புளித்து உரியும். சுண்ணாம்பு மூச்சு விட வேண்டும், பெயிண்ட் அதை விடாது.

5. தரை. ஆத்தங்குடிக் கல்லை ஓடு மாதிரி சுட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அதைச் சூளையில் வைப்பதே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் கரைசலை ஊற்றி, பின்னால் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடி மேல் படிவதால்தான் அந்த வழவழப்பு. ஆனால் இதை வைத்து வயது சொல்ல முயல வேண்டாம். இன்றைக்கும் ஆத்தங்குடியில் அதே முறையில் செய்கிறார்கள். போன மாதம் பதித்த தரையும் கொஞ்ச நாள் புழங்கினால் பழசு மாதிரி ஆகிவிடும்.

6. மரம். இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 'பர்மாத் தேக்குக் கதவு இருக்கிறது, அதனால் கட்டடம் 1942க்கு முந்தியது' என்று முடிவு கட்டுவது எளிது. செட்டிநாட்டில் பழைய வீடுகளைப் பிரித்து விற்பது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிலை, கதவு, தூண், உத்தரம் எல்லாம் வெளியிலேயே சாய்த்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து எடுத்த தூண் எந்தப் புதுக் கட்டடத்திலும் நிற்கலாம். பார்க்க வேண்டியது மரத்தின் வயதை அல்ல, அது சுவரோடு சேர்ந்த இடத்தை. நிலையின் கொம்பு சுவருக்குள் பழைய சுண்ணாம்போடு பிடித்திருக்கிறதா, சுற்றிலும் புதுச் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறதா? தூணில் பயனில்லாத பொளியும் துளையும் இருந்தால் அது வேறொரு வீட்டின் வளவிலிருந்து வந்தது.

சிற்றாலயத்துக்கும் இதே முறைதான். இதே சிவகங்கை மாவட்டத்தில் 1894இல் எழுந்த இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்தின் அலங்கார வேலையெல்லாம் அச்சில் வார்த்த சுடுமண். தூரத்திலிருந்து பார்க்கிறவர் கல் என்றே நினைப்பார். வெளிநாட்டுத் தேவாலயத்தின் தோற்றமும் உள்ளூர்ச் செங்கல் சூளையின் மண்ணும் சேர்ந்தது அது. கூர்வளைவு ஜன்னலைப் பார்த்து 'கோதிக், ஆகவே வெள்ளைக்காரன் கட்டியது' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. வரைந்தவர் யாராக இருந்தாலும் கட்டியவர் நம் ஊர்க் கொத்தனார்.

கல்வெட்டில் உள்ள பொறிகள்

சரி, கல்வெட்டு இருக்கிறது, தேதியும் இருக்கிறது என்றால் வேலை முடிந்ததா? அங்கேயும் பொறி உண்டு.

தமிழ் எண்ணில் ௧௮௯௪ என்றிருந்தால் 1894. ௧ஐயும் ௯ஐயும் தேய்ந்த கல்லில் சரியாகப் பிரித்தறிய வேண்டும். ஒரு வளைவு போனால் நூற்றாண்டே மாறும். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் சிக்கல், அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்ப வரும். 'ஜய' என்று மட்டும் இருந்தால் 1894ஆ, 1954ஆ, 2014ஆ? 'சர்வசித்து' என்றால் 1887ஆ, 1947ஆ? ஓட்டு முத்திரையும் இரும்பு எழுத்தும் இங்கேதான் கை கொடுக்கும். டாட்டா உத்தரம் உள்ள கட்டடத்தில் 'ஜய' என்றிருந்தால் 1894 தானாகக் கழன்றுவிடும்.

இயேசு சபைக் கட்டடங்களில் ஏ.எம்.டி.ஜி. என்ற நான்கு லத்தீன் எழுத்துகளைப் பார்க்கலாம். அது நன்கொடையாளரின் தலைப்பெழுத்து இல்லை. 'இறைவனின் அதிமிக மகிமைக்காக' என்ற சபையின் விருதுவாக்கு.

பழமை என்று சட்டம் எதைச் சொல்கிறது?

வயதுச் சண்டை ஏன் இவ்வளவு சூடாக நடக்கிறது என்பதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கும் ஒரு எண். 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி தொன்மைச் சின்னம் என்று ஆக வேண்டுமானால் குறைந்தது 100 ஆண்டு இருந்திருக்க வேண்டும். தேசிய முக்கியத்துவம் உண்டு என்று அறிவிக்கவும் வேண்டும். அப்படி அறிவித்துவிட்டால் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்றுத்தான் கட்ட முடியும். கல்லூரி நிர்வாகங்கள் 'நூறாண்டு' என்ற சொல்லைக் கேட்டதும் பதறுவது இதனால்தான். வயது நூறு ஆனால் மட்டும் இந்தத் தடை தானாக வந்துவிடாது, அறிவிப்பு வேண்டும் என்பதை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன.

காரைக்குடிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1953இல் திறந்த கட்டடம் நூறைத் தொட 2053 ஆகும். அதுவரை மத்தியச் சட்டம் அதைப் பார்க்காது. தமிழ்நாட்டில் 2012இல் மரபுரிமை ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. இந்த வகைக் கட்டடங்களுக்கு நம்பிக்கை வைக்க வேண்டிய இடம் அதுதான். 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதைப் 'பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது' என்று எழுதுகிறவர்கள் உண்டு. உத்தேசப் பட்டியல் என்பது விண்ணப்பத்துக்கு முந்திய வரிசை. அதனால் எந்த வீட்டுக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடவில்லை.

சிற்றாலயத்தைப் பற்றி இன்னொரு கேள்வியும் வரும்: அரசு உதவி பெறும் கல்லூரிக்குள் வழிபாட்டு இடம் இருக்கலாமா? அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது. அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில், சம்மதமில்லாமல் யாரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. தடை போதனைக்கும் கட்டாயத்துக்கும்தான். கட்டடம் நிற்பதை அது தடுக்கவில்லை.

எங்கே தேடுவது?

1. நிலத்துக்கு வில்லங்கச் சான்று. 'ராமநாதபுரம் மாவட்டம்' என்ற பழைய பெயரிலும் தேட வேண்டும்.

2. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆண்டு நாட்காட்டிகள். எந்தக் கல்லூரி எந்த ஆண்டு பட்டியலில் முதலில் தோன்றுகிறது என்று அதில் தெரியும்.

3. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், இதழ்கள், அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள். 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. கட்டடத் திறப்பு விழாவுக்கு அச்சடித்த ஒற்றைத்தாள் அழைப்பிதழ் எந்த அரசு ஆவணத்திலும் இருக்காது. இப்படிப்பட்ட சேகரிப்பில்தான் சிக்கும்.

4. நகரத்தார் வீட்டுப் பேரேடுகள். தேக்கு எத்தனை டன், எந்தக் கப்பல், சுண்ணாம்புக்கு எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு என்று வரி வரியாக எழுதும் பழக்கம் அவர்களுடையது. கல்லூரிக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர் வீட்டில் அந்த ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு) இன்னும் பெட்டகச் சாலையில் இருக்கலாம். இல்லையென்றால் அந்த வீடும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கும்.

5. வளாகத்தின் பராமரிப்புப் பிரிவில் ஒப்பந்தக் கோப்புகள். ஓடு மாற்றியது, பீடம் நகர்த்தியது, தரை பெயர்த்தது எல்லாம் அங்கே 'சிறு பழுதுகள்' என்ற தலைப்பில் இருக்கும். வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முன்பு, உத்தரத்தின் எழுத்தையும் ஒரு ஓட்டின் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்து அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.